எந்த உறவும் இல்லை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

வாலு எழுதுகிறேன். நானும் உங்கள் மாப்பிள்ளையும் குழந்தையும் இங்கே சுகம். அண்ணாவின் கண் எரிச்சல் தேவலையா? வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு வேலை செய்தால் அது கண்ணை எப்படிக் காப்பாற்றும் என்று அண்ணி ஒரு தடவை கேட்டால் தேவலை.

நேற்று மதியம் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டிபன் பொட்டலத்தைப் பிரித்தேன். சுற்றியிருந்த பேப்பரில் வங்கியின் ஏல விளம்பரம். பொடி எழுத்து. அதில் நம் வீட்டுக் கதவு எண். அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

புது மெஷினுக்காக வீட்டை அடமானம் வைத்ததும், அந்தக் கட்டடக் கான்ட்ராக்டர் அத்தனை கிரில்லையும் வாங்கிக்கொண்டு கையை விரித்ததும் எனக்குத் தெரியும். வீட்டுக்குச் சீல் வைத்துவிட்டார்கள், நீங்கள் இரண்டு பேரும் வாடகை அறையில் இருக்கிறீர்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அப்பா அம்மா போனபோது எனக்குப் பத்து வயது. அண்ணி என்னை வளர்த்து ஆளாக்கியது அந்த வீட்டில்தான். அதை யாரோ ஒருவர் ஏலத்தில் எடுத்துக்கொண்டு போக நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நாங்கள் எடுக்கிறோம். பத்திரத்தில் மட்டும்தான் என் பெயர். சாவி அண்ணியின் இடுப்பில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவேன், ஜாக்கிரதை.

உங்கள்
வாலு

ஜனவரி 24

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் நல்லபடி இருக்கிறோம். மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி? குழந்தைக்கு எத்தனை பல்?

வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் அண்ணி பேனாவைப் பிடுங்கிவிட்டாள். சரி, உன் இஷ்டம். ஆனால் நடுவில் ஒரு முள் இருக்கிறது. வக்கீல் குமாஸ்தாவிடம் விசாரித்தேன். ஏலம் கேட்கிறவர் ஒரு உறுதிமொழி தர வேண்டுமாம்: ‘கடன் வாங்கியவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை.’ கடனைக் கட்டாதவன் தன் ஆட்களை விட்டே மலிவாகத் திருப்பி எடுத்துவிடக் கூடாதாம். பொய் என்று தெரிந்தால் கட்டிய பணமும் போய்விடும், வீடும் போய்விடும்.

நான் யோசித்துப் பார்த்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்கிறார்கள். ஒரு பொய் சொல்லி ஒரு வீடு வாங்கினால் என்ன? நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா? போடு கையெழுத்தை.

பத்திரம் பதிவாகும் வரை போன் பேசக் கூடாது. யார் யாரோடு பேசினார்கள் என்று வங்கி எடுத்துப் பார்க்குமாம். குமாஸ்தா சொன்னார். கடிதத்தைப் பட்டறை முகவரிக்குப் போடாதே, நம் தெருமுனைத் தையல்காரர் முகவரிக்குப் போடு. எனக்கு இப்போது பட்டறை கிடையாது, இன்னொருவரிடம் தினக்கூலிக்குப் போகிறேன். அதிலும் ஒரு சௌகரியம், முதலாளி என்கிற தலைவலி இல்லை.

அன்புடன்
அண்ணா

வாலு, அண்ணி எழுதுகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றில் உனக்குக் கை நடுங்கும். நீ ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் தரையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பஸ் நிலையத்துக்கு வருவேன், ஞாபகமிருக்கிறதா? பூட்டிக் கிடக்கிற வீட்டில் இப்போது எவ்வளவு தூசியோ.

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணா, அண்ணி,

எல்லோரும் நலம்தானே? இங்கே குழந்தைக்குச் சளி, மற்றபடி குறையில்லை.

சனிக்கிழமை வங்கியின் ஏஜென்ட்டோடு போய் நம் வீட்டை ‘முதன்முதலாக’ப் பார்த்துவிட்டு வந்தேன். “உள்ள விட முடியாதுங்க, சீல் இருக்கு. வெளியில இருந்தே பாத்துக்குங்க” என்றார். பிறகு விரலை நீட்டி, “மூணு பெட்ரூம். ஹால் நல்ல காத்தோட்டம்” என்றார். மூன்றாவது பெட்ரூம் நீங்கள் வெல்டிங் குச்சி அடுக்கி வைக்கும் பொந்து. “அப்படியா சார்” என்று வாயைப் பிளந்தேன். “பின்னாடி தோட்டம் இருக்கும்னு நெனைக்கிறேன்” என்றார். பின்னால் துணி துவைக்கும் கல்தான் இருக்கிறது. “ரொம்ப நல்லதா போச்சு” என்றேன்.

“இந்த கேட் மட்டும் ஓல்டு மாடல். வாங்குனதும் தூக்கிப் போட்ருங்க” என்றார். நீங்கள் முதன்முதலாகச் செய்த கேட் அண்ணா. நடுவில் என் வால் என்று சொல்லி ஒரு கம்பியைச் சுருட்டி வைத்தீர்களே, அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். “பாக்கலாம் சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் பேனா எழுதவில்லை. அவர் பேனாவை வாங்கிப் போட்டேன். அண்ணி, சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். அப்படியும் கையெழுத்துக் கோணலாகத்தான் விழுந்தது.

உங்கள்
வாலு

மார்ச் 6

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கு சுகம். குழந்தையின் சளிக்கு ஆவி பிடிக்கச் சொல்கிறாள் அண்ணி.

உன் கடிதத்தைத் தையல்காரர் கடையிலேயே நின்று படித்தேன். மூன்று பெட்ரூம் என்ற இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் அவர் ஊசியைக் கீழே போட்டுவிட்டார்.

என்னையும் வங்கியில் கூப்பிட்டார்கள். ஏலம் கேட்டவர்களின் பெயர்களைக் காட்டி, “இவங்கள்ல யாராவது உங்களுக்குச் சொந்தமா?” என்றார்கள். உன் பெயர் இரண்டாவதாக இருந்தது. இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியே வந்து சோடா ஒன்று வாங்கிக் குடித்தேன். வெயில் அதிகம்.

அன்புடன்
அண்ணா

வாலு, உன் அண்ணா வங்கியிலிருந்து வந்து படுத்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. அவர் எழுதியிருக்க மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். பின்வாசல் கதவு தாழ்ப்பாள் இறுகியிருக்கும், நீ வந்து உதைத்துத் திற. அது உன் உதைக்குத்தான் பயப்படும்.

மே 18

அன்புள்ள அண்ணா, அண்ணி,

நலம், நீங்கள் எப்படி? எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஏலம் நம் பக்கம் விழுந்தது. அன்றைக்குக் குதித்த குதிதான். அதற்குப் பிறகு கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. முழுப் பணத்தையும் கட்டியாயிற்று. கட்டும் வரை “மேடம், மேடம்” என்று போன் செய்தவர்கள், கட்டிய மறுநாளிலிருந்து யார் என்று கேட்கிறார்கள். சுவாதீனம் தருகிறோம், சாவியை வாங்கிக்கொள்ள வாருங்கள் என்றார்கள். ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்தேன். ஆபீசர் லீவு. மறுபடி வந்தேன். ஆபீசர் மாற்றலாகிவிட்டார், புது ஆபீசர் கோப்பைப் படிக்க வேண்டுமாம். மூன்றாவது முறை, சாவி தலைமை அலுவலகத்தில் இருக்கிறதாம். அடுத்த தெருவில் நீங்கள் இருக்கிறீர்கள், எட்டிப் பார்க்காமல் திரும்பிப் போனேன்.

தண்ணீர் வரி பாக்கி, கரண்ட் பாக்கி எல்லாம் வாங்கியவர் தலையில். மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டால், “இருக்கும் நிலையில்தான் விற்கிறோம்” என்று ஏல விளம்பரத்தில் ஒரு வரியைக் காட்டுகிறார்கள். பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இனிச் சம்பளத்தோடு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் மாப்பிள்ளையும் சம்பளத்தின் பேரில் கடன் வாங்கிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். என் வீட்டுக்குள் நான் நுழைய யார் யார் காலில் விழ வேண்டுமோ தெரியவில்லை.

வாலு

ஜூன் 11

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே சுகம். நீ மெலிந்துவிட்டதாகத் தையல்காரரின் மனைவி சொன்னாள். கேட் முன்னால் நிற்கும்போது பார்த்தாளாம். உடம்பைக் கவனி.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பொறுத்துக்கொள். நான் வேலைக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகத்தான் சைக்கிளை மிதிக்கிறேன். உன் வீடு பத்திரமாக இருக்கிறது.

சுவாதீனம் தரும் நாளில் சாமான் எடுக்க எங்களையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் வந்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அண்ணி மட்டும் உள்ளே வருவாள், நான் எதிர் டீக்கடையில் இருப்பேன். ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி இருந்துவிடுங்கள். பத்திரம் பதிவாகிவிட்டால் பிறகு யாருக்கும் பயமில்லை.

அன்புடன்
அண்ணா

வாலு, உன் அண்ணா எனக்கு ஒத்திகை வைக்கிறார். ‘இந்தப் பெண்ணைத் தெரியுமா?’ என்று அவர் கேட்க வேண்டும், ‘தெரியாது’ என்று நான் சொல்ல வேண்டும். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, வார்த்தை வரவில்லை. அன்றைக்கு நீயே சொல்லிவிடு, நீதான் கெட்டிக்காரி.

ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணா, அண்ணி,

முடிந்துவிட்டது. வீடு கைக்கு வந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம், நான்தான் இரண்டு நாளாகக் கால்வலியில் படுத்திருக்கிறேன்.

அண்ணா, நீங்கள் டீக்கடையில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தீர்கள். ஆபீசர் வருவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. காரிலிருந்து இறங்கும்போதே, “காலையிலயே எங்க ஆளு சீலை எடுத்துட்டாரு. பழைய பார்ட்டி சாமான் எடுக்கணும்னாங்க” என்றார். உள்ளே அண்ணி பீரோ பக்கத்தில் நின்றிருந்தார். ஆபீசர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நீங்க ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்களா?” என்றார். அண்ணிக்கு வாயே திறக்கவில்லை. நான் முந்திக்கொண்டு, தெரியாது என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆபீசர் அப்படியே நம்பிவிட்டார். நான் கூடத்தில் ரத்தம் எடுக்கப் பிறந்தவளே இல்லை, நாடகத்தில் சேர்ந்திருக்க வேண்டியவள்.

ஒரே ஒரு குறை. ஹால் முழுக்கத் தரை ஈரம். அடுப்படியிலும் அப்படியே. தளம் ஒழுகுகிறது போலிருக்கிறது. வங்கியிடம் கேட்டால் அந்த ஒரு வரியைக் காட்டுவார்கள். தளம் பார்க்கும் மேஸ்திரியை வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் எவ்வளவு கொட்ட வேண்டுமோ என்று உங்கள் மாப்பிள்ளை புலம்புகிறார்.

அண்ணி பீரோவை எடுக்காமலே போய்விட்டாரே, ஏன்?

வாலு

செப்டம்பர் 15

அன்புள்ள வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம். கால்வலி குறைந்ததா?

வீடு கைக்கு வந்ததில் எனக்கு நிம்மதி. மேஸ்திரி வேண்டாம். தளம் ஒழுகாது, நான் கூடவே நின்று போட்டது. வீண் செலவு செய்யாதே.

அண்ணிக்குக் கை வேலையாக இருக்கிறது. அதனால் இன்று எழுதவில்லை.

அண்ணா

அக்டோபர் 12

அன்புள்ள அண்ணா, அண்ணி,

நலமா? பத்திரம் பதிவாகிவிட்டது. இனி எந்த ஆபீசருக்கும் பயப்பட வேண்டாம். பதிவு முடிந்ததும் வாசலில் நின்றே போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. சாயங்காலமும் அப்படியே. போன் ரிப்பேரா?

மாதக் கடைசியில் லாரி சொல்லிவிடட்டுமா? வாடகை அறையைக் காலி செய்துகொண்டு வந்துவிடுங்கள். மேஸ்திரி வந்து ஏணி போட்டு மேலெல்லாம் தட்டிப் பார்த்தார். “ஒரு கீறல்கூட இல்லம்மா. இந்தத் தண்ணி மேல இருந்து வரல” என்று கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். பிறகு எங்கிருந்து வந்ததாம்?

அண்ணி ஏன் எழுதவில்லை? கை வேலை ஒரு மாதமாகவா இருக்கும்? கடிதத்தின் அடியில் அந்த இரண்டு வரி இல்லாமல் எனக்குக் கடிதம் வந்த மாதிரியே இல்லை. நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? சொல்லிவிடுங்கள்.

உங்கள்
வாலு

நவம்பர் 20

அன்புள்ள வாலுவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, இருவரும் இருக்கிறோம். போனும் ரிப்பேர் இல்லை.

நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், நான் மழுப்பிக்கொண்டே இருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

அந்தத் தண்ணீர் மேலேயிருந்து வரவில்லை. அண்ணி கழுவினாள். சீல் எடுக்கிற ஆளிடம் சாமான் எடுக்க வேண்டும் என்று கெஞ்சி, விடிந்ததும் விடியாததுமாக உள்ளே போனாள். மோட்டார்தான் இல்லையே, நீ வந்து இறங்கும் வரை எதிர்வீட்டிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். டீக்கடையைத் தாண்டிப் போகும்போது, “வாலு முதமுதலா அவ வீட்டுக்கு வர்றா. தூசியில கால வைக்கக் கூடாது” என்றாள். நான் எழுந்து போய் ஒரு குடம் தூக்கியிருக்கலாம். வங்கி ஆள் பார்த்துவிடுவானோ என்று உட்கார்ந்திருந்தேன்.

நீ தெரியாது என்று சொன்னதில் அவளுக்கு வருத்தமே இல்லை. அது நாம் பேசி வைத்தது. தன்னால் சொல்ல முடியவில்லையே என்று அவளுக்கு வெட்கம்தான். ஆனால் நீ அதோடு நிறுத்தவில்லையாம். “சீக்கிரம் கிளம்பச் சொல்லுங்க சார். இவங்க போனப்புறம் நான் வீட்டைக் கழுவி விடணும்” என்றாயாம். ஆபீசர் கேட்டதற்குத் தெரியாது என்ற ஒரு சொல் போதும். அடுத்ததை யாரும் உன்னிடம் கேட்கவில்லை.

அவள் அழவில்லை. குடத்தை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். பீரோ எங்கே என்றேன். “இருக்கட்டும்” என்றாள். அந்தப் பேச்சை அவள் என்னிடம் சொல்லவே பல நாள் ஆயிற்று.

நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்று உனக்கு எழுதியவன் நான். தப்பு என்னுடையதும்தான்.

லாரி சொல்ல வேண்டாம்.

அண்ணா

நவம்பர் 26

அண்ணா, அண்ணி,

நலம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா?

நான் சொன்னேன் அண்ணா. அண்ணி ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதும்போது அதை விட்டுவிட்டேன். மறந்துபோய் விடவில்லை.

ஆபீசரை நம்ப வைக்கத்தான் சொன்னேன் என்று எழுதலாம். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். வெயில், அலைச்சல், மதிய பஸ் போய்விடுமே என்ற எரிச்சல் எல்லாம் இருந்தது உண்மைதான். ஆனால் அதைச் சொன்ன நிமிஷத்தில் நான் நடிக்கவில்லை. அது என் வீடு, என் நேரம் போய்க்கொண்டிருக்கிறது, எதிரில் நிற்பவர் வீட்டைக் காலி செய்யாத யாரோ. அப்படித்தான் இருந்தது. எனக்குத் தலை வாரிவிட்ட கை அது என்று அப்போது தோன்றவே இல்லை. அதை நினைக்கும்போதுதான் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

நேற்று லீவு போட்டுவிட்டு வந்து வீட்டைத் திறந்தேன். மறுபடி தூசி படிந்திருக்கிறது. அடுப்படி ஜன்னல் கம்பியில் அண்ணி பிழிந்து போட்ட துணி அப்படியே காய்ந்து விறைத்துப்போய்த் தொங்குகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கழுவக் கை வரவில்லை. உங்கள் அறை வரை நடந்து வந்தேன். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

அண்ணி, வீட்டுக்கு வர வேண்டாம் என்றால் வராதீர்கள். என்னைத் திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

வாலு

டிசம்பர் 30

அன்புள்ள வாலுவுக்கு,

இருவரும் சௌக்கியம். மாப்பிள்ளையையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல். குழந்தை இந்நேரம் ஓட ஆரம்பித்திருக்கும்.

எனக்கு உன்மேல் கோபமில்லை. வங்கியில் நானும்தானே எழுதிக் கொடுத்தேன்? உன் பெயரைப் படித்துவிட்டு, சொந்தம் இல்லை என்றேன். எழுதுவதற்கு முன்னால் இருந்த தயக்கம், எழுதி முடித்தபோது இல்லை. அதனால்தான் அன்றைக்கு நான் எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்தேன்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிடு. மாப்பிள்ளையின் கடன் அடைய வேண்டும். நான் வேலை செய்யும் பட்டறைக்குப் பின்னாலேயே ஓர் அறைக்கு மாறிவிட்டோம், நடக்கும் தூரம் மிச்சம். வருகிறவர்கள் அந்தக் கேட்டை மாற்ற வேண்டும் என்று சொன்னால் மாற்றிக்கொள்ளட்டும். பழைய இரும்பை மட்டும் எடைக்குப் போடாமல் எனக்குச் சொல்லி அனுப்பு.

கீழே வழக்கம்போல் அண்ணிக்கு இடம் விட்டிருக்கிறேன். நேற்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இன்று காலையில் எழுதி முடித்ததாகச் சொன்னாள். நான் படிக்கவில்லை, அப்படியே மடித்து ஒட்டுகிறேன்.

அன்புடன்
அண்ணா

வீடு வாங்கியவருக்கு, பின்வாசல் தாழ்ப்பாள் மழைக்கு இறுகிக்கொள்ளும். கதவைக் கொஞ்சம் மேலே தூக்கித் தள்ளினால் திறக்கும். அடுப்படியில் தண்ணீர் போகும் துவாரம் அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்து குச்சி விட வேண்டும். பீரோவின் சாவி, ஜன்னல் மேல் மாடத்தில் இருக்கிறது. உங்கள் குழந்தையை அந்தத் துவைக்கும் கல் பக்கம் விடாதீர்கள், பாசியில் வழுக்கும். அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.